டிரம்ஸ்காரனைக் காட்டாத படம்

திருப்புடா, கேமராவைக் கொஞ்சம் திருப்புடா என்று ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கண்ணாடியில் பட்டு அவள் முகத்துக்கே ஆவியாகத் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தியேட்டர் இருட்டுக்கு மேலே, சட்டைப் பொத்தானைத் தொப்புள் வரைக்கும் அவிழ்த்துவிட்ட ஒரு வெள்ளைக்காரன் மைக்கைக் கம்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். கேமராவும் சோற்றுக்கு அலைகிற நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே ஓடியது. அவன் ஓடிக் களைத்தால் கிட்டார்க்காரனின் விரலைக் காட்டினார்கள். விரல் சலித்தால் கூட்டத்தில் ஒரு பெண் அழுகிற முகத்தைக் காட்டினார்கள். டிரம்ஸ் அடிக்கிறவன் மட்டும் வரவே இல்லை. ஒரு முழங்கை வரும், ஒரு வெண்கலத் தட்டு நடுங்கும், வேர்வையில் நனைந்த தலைமுடி ஒரு கொத்து சிலுப்பும், அவ்வளவுதான், வெட்டிவிடுவார்கள். அத்தனை ஆயிரம் பேரையும் குதிக்க வைப்பது அவன் கையும் காலும்தானே, அவன் நிறுத்தினால் இந்தச் சட்டைக்காரன் எந்தக் காலை முன்னால் வைப்பான், படம் பிடித்தவனுக்கு இது தெரியாதா. தெரியும். தெரிந்துதான் காட்டவில்லை. நாற்பது ஐம்பது வருசத்துக்கு முந்தி எங்கேயோ நடந்த கச்சேரியாம், ராக் என்றால் அவர்கள்தானாம், அந்தப் பழைய படத்தைத் துடைத்துப் புதுசாக்கிப் பெரிய திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம், பாளையங்கோட்டையில் இந்த ஒரே ஒரு பகல் காட்சிதானாம், "பாத்தே ஆகணும்ட்டி, நீயும் வா, வீட்டுக்குள்ளயே கெடந்து என்ன செய்யப் போற" என்று தனசிங் தலைகீழாக நின்று கூட்டிவந்தான். கூட்டிவந்து, பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் உட்காருவதற்கென்று பால்கனியின் கடைசியில் கண்ணாடி போட்டு அடைத்துக் கட்டியிருக்கிற இந்த அறையில் அவளை உட்கார்த்தி, கதவைச் சாத்திவிட்டு, முன்னால் நல்ல சத்தம் கேட்கிற வரிசைக்குப் போய்விட்டான். போனது அவன் மட்டுமில்லை. அவன் பக்கத்தில் அந்த லிவின்.

அதை நினைத்ததும் கழுத்துக்குப் பின்னால் மறுபடி சூடு ஏறியது. வாசலில் வைத்துத்தான் சொன்னான். டிக்கெட் கிழிக்கிறவரிடம் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன் என்று சொல்கிற குரலில், "இவன் லிவின். நம்ம குழுவுக்குப் புது டிரம்ஸு. ஞாயித்துக்கிழமை கொடையில இருந்து இவந்தான்" என்றான். நம்ம குழு. சாரல் மெலடீஸ். தனசிங் கீபோர்டு, ஜெபக்கனி டிரம்ஸ். ஆறு வருசம் கோயில் கொடை, சர்ச்சில் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகை, காதுகுத்து, எந்த ஊருக்குப் போனாலும் பெண்பிள்ளை டிரம்ஸ் அடிக்கிற குழு எது என்று கேட்டுத்தான் வந்து புக் பண்ணினார்கள். அவளைப் பார்க்கத்தான் சிறுவர்கள் மேடைக்குப் பின்னால் வேலியில் தொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த டிரம்ஸுக்குப் பின்னாலிருந்துதான் தனசிங்கின் பிடரியை நாலு வருசம் பார்த்து, பிறகு கல்யாணமும் கட்டினாள். பிள்ளை பிறந்து ஏழு மாசம்தான் ஆகிறது. ஞாயித்துக்கிழமையில இருந்து இவந்தான். அதுகூடப் போகட்டும். அவன் அப்படிச் சொன்னபோது அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். தோளில் பால்பையும் இடுப்பில் பிள்ளையுமாக நின்றுகொண்டு, பல் முப்பத்திரண்டும் தெரிய, "அப்படியா தம்பி, நல்லது தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டாள். "நாசரேத் பக்கம்க்கா" என்றான். "ஆங், நல்ல ஊரு" என்றாள். என்ன நல்ல ஊர்? அவள் வாயில் யாராவது அடித்திருக்க வேண்டாமா? ஜெபக்கனி எப்பவும் சிரிச்ச முகம் என்று ஊர் சொல்லும், சபை சொல்லும், மாமியார் வீட்டில் சொல்லும். கைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி அந்தப் பேரை இத்தனை நாளும் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது அவளைக் கேட்காமலேயே முன்னால் போய் நின்று எல்லாருக்கும் சரி சொல்லிவிடுகிறது. தனசிங்குக்கு அது தெரியும். அதனால்தான் வீட்டில் சொல்லாமல், வாசலில், வெளியாள் முன்னால் வைத்துச் சொன்னான். அங்கே இவள் சிரிக்கத்தான் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

"ஏம்மா, இன்னும் டைட்டிலா ஓடுது?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். முப்பிடாதி என்று பேர் சொல்லியிருந்தாள், படம் ஓட்டுகிற ஆப்பரேட்டரின் மனைவி, வெயில் காலத்தில் மத்தியானமானால் கைப்பேரனைத் தூக்கிக்கொண்டு ஏசிக்காக இங்கே வந்துவிடுவாளாம், என்ன படம் என்று பார்ப்பதில்லை. "டைட்டில் இல்லக்கா, இதான் படம். முழுக்கக் கச்சேரிதான்" என்றாள் ஜெபக்கனி. அந்தச் சிரிப்பு மறுபடி வந்து நின்றது, சனியன். "கதை கெடயாதா?" "கெடயாது." "சண்டை?" "அதுவும் இல்ல." "அப்ப அந்தப் பையன் எதுக்கு இந்த வரத்து வாரான், சட்டைக்குள்ள கட்டெறும்பு போன மாதிரி?" என்று கேட்டுவிட்டு முப்பிடாதி தன் பேரனின் மூக்கைத் துடைத்தாள். சுவரின் மூலையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். அதுவழியாகப் பாட்டு கொசு மாதிரிதான் வந்தது. பாடுகிறவனின் கீச்சு வந்தது, கிட்டாரின் கீறல் வந்தது, காலால் மிதிக்கிற பெரிய டிரம்மின் இடி மட்டும் வரவே இல்லை. அது அவ்வளவும் வெளியே, தனசிங்கின் நெஞ்சிலும் லிவினின் நெஞ்சிலும் போய் இடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குத் தெரிந்தது, துடித்தது. கண்ணாடிக்குக் கேட்கிறது எனக்குக் கேட்கவில்லையே என்று இருந்தது.

பாப்போம். அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது, அதில்தான் தனசிங் அவளைக் கட்டிப்போட்டுவிட்டான். பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டின மறுநாள் கேட்டாள், கொடைக்கு நான் வாரேங்க, எங்கம்மா வந்து பிள்ளைய பாத்துக்கிடும், மேடைக்குப் பின்னாலயே வேன் நிக்கும்லா, ரெண்டு பாட்டுக்கு நடுவுல போய்ப் பால் குடுத்துட்டு வந்திருவேன், ஜோடிப் பாட்டு ரெண்டுக்கு டிரம்ஸ் கெடயாது, அதைச் சேத்து வச்சா போதும் என்று. உட்கார்ந்து கணக்குப் போட்டு, பாட்டு வரிசையையே அவள் மாற்றி வைத்திருந்தாள், சமையலுக்கு அடுப்பு ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது என்று யோசிக்கிற மாதிரி யோசித்து வைத்திருந்தாள். அவன் கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டே, "பாப்போம்" என்றான். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம். சரி என்று சொல்லியிருந்தால் துணி துவைக்கப் போயிருக்கலாம். பாப்போம் என்று சொன்னவனோடு என்ன சண்டை போட முடியும்? அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். காய் நறுக்குகிற பலகையில் கத்தியால் தட்டிப் பார்த்தாள். பிள்ளையைத் தூங்கவைக்க முதுகில் தட்டுகிற தட்டில் இடது கை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். குளிக்கப் போன இடத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் அடித்துப் பார்த்தாள், மாமியார் வெளியிலிருந்து யாரு வந்திருக்கா என்று கேட்டாள். அவள் இங்கே பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் அங்கே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பாப்போம் என்றது பொய் இல்லையே, பார்த்துத்தானே இருக்கிறான்! நினைக்க நினைக்கத் தொண்டையில் முள் மாதிரி அதே வார்த்தை, விழுங்கினாலும் இறங்கவில்லை, துப்பினாலும் வரவில்லை, பாப்போம், பாப்போம், திரையில் முழங்கை ஒரு தரம் வந்தது, போனது, பாப்போம்.

அவளுடைய வயிற்றைத்தான் அவன் பார்த்திருப்பான். அதுவாகத்தான் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாசத்தில் கடைசியாக அடித்த கச்சேரி. வயிறு டிரம்மில் முட்டிக்கொண்டு நின்றது, நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையை நீட்டி நீட்டி அடித்தாள், தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது, ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. அறிவிப்பு சொல்கிறவன் மைக்கில், "பிள்ளை உள்ள இருந்தே தாளம் போடுதுங்க, அது வெளிய வந்தா அக்காவுக்கு வேலை இல்ல" என்றான். கூட்டம் சிரித்தது. தனசிங் சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடித்தாள். அப்போது எழுந்து கம்பைத் தூக்கி அவன் மேல் எறிந்திருக்க வேண்டும். அன்றைக்கு வேடிக்கையாகச் சொன்னான், இன்றைக்கு அதைத்தானே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் பயமும் இருக்கிறது, அதை யாரிடம் சொல்ல? வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். காலால் அந்தப் பெரிய டிரம்மை மிதிக்கிற மிதி அடிவயிற்றிலிருந்துதான் வர வேண்டும், தையல் போட்ட இடம் இழுத்தால்? நடுப்பாட்டில் பால் கட்டிச் சட்டை நனைந்தால்? மணிக்கட்டு தடித்திருக்கிறது, வளையல்கூட ஏறவில்லை. ஒருவேளை அந்த லிவின் நிஜமாகவே நன்றாக அடிப்பானோ. அடிக்கட்டுமே. நன்றாக அடிக்கிறான் என்று யாராவது அவளிடம் வந்து சொல்லியிருந்தால், கொண்டுவா கேட்போம் என்றுதானே சொல்லியிருப்பாள். அந்தப் பயத்தைப் பயந்து பார்க்கிறதுக்குக்கூட அவளுக்கு ஒரு மேடை கொடுக்கவில்லை. பெரிய கரிசனம். தையல் அவளுடையது, வலித்தால் அவளுக்குத்தானே வலிக்கும்.

தோளில் கிடந்த பிள்ளை ஜோவினா முக்கினாள், ஏப்பம் விட்டாள். அப்போதுதான் ஜெபக்கனிக்குத் தெரிந்தது, இவ்வளவு நேரமும் பிள்ளையின் முதுகில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், தட்டவில்லை, அடித்திருக்கிறாள், திரையில் காட்டாத அவன் கையோடு சேர்ந்து, வலது வலது இடது, வலது இடது இடது, சின்ன முதுகு அதிர அதிர. கை சட்டென்று நின்றது. சட்டையை விலக்கிப் பார்த்தாள், சிவக்கவில்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தது. நீயும் சிரிக்காதட்டி என்று நினைத்தாள். நினைத்ததும் தூக்கிவாரிப்போட்டது. பாவம், இது என்ன செய்தது? இது கேட்டா அவள் இடம் போனது? இதைச் சாக்காக வைத்து எடுத்தவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மூச்சு நேரம் அவளுக்கு இந்தப் பிள்ளை மேலேயே கோபம் வந்ததே, அதற்கும் சேர்த்து அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டிரம் வந்ததே பொன்னுக்கு வீங்கியால்தான். ஆறாம் வகுப்பு, காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நடந்து போகிறபோது தோளில் மாட்டி அடிக்கிற சின்ன டிரம், ஆண்பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். அதை அடிக்கிற பையன் கன்னம் வீங்கி லீவில் போய்விட்டான். யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள், தெரியாமலேயே கையைத் தூக்கினாள். வார் பெரியது, டிரம் முட்டியில் இடித்து இடித்துக் கன்றிப்போனது. அவள் அடித்தாள், மொத்தப் பள்ளிக்கூடமும் நடந்தது. ஹெட்மாஸ்டர் நடந்தார், அவளைக் கருவாச்சி என்று கூப்பிடுகிற எட்டாம் வகுப்புத் தடியன்கள் நடந்தார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு அடியை விட்டுப் பார்த்தாள். முன்னூறு பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கொக்கு மாதிரி நின்றார்கள். அந்த ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்தது என்ன என்று இன்றைக்கு வரைக்கும் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, தனசிங்கிடமும் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் என்பான். பெண்பிள்ளை எப்போதும் சிரித்த முகமாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே முன்னூறு பேர் கால் அந்தரத்தில் நிற்கிறது ஐயா.

திரையில் பாட்டு முடிந்தது. கூட்டம் கத்துவது ஸ்பீக்கரில் எண்ணெய் பொரிகிற மாதிரி கேட்டது. பாடுகிறவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து உள்ளே போனான். கிட்டார்க்காரர்களும் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். மேடை காலியாகி, நடுவில் ஒரே ஒரு வெளிச்சம் விழுந்தது. ஜெபக்கனி எழுந்து நின்றுவிட்டாள். அவன்தான். இத்தனை நேரம் முழங்கையாகவும் முடியாகவும் வந்தவன் முழு ஆளாக உட்கார்ந்திருந்தான். நினைத்ததைவிட ஒல்லி. மூக்கு மட்டும் பெரிசு. யாரையும் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரன் தின்னக் கொடுத்த பண்டத்தை மோந்து பார்க்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்து, மெதுவாக, மிக மெதுவாக ஆரம்பித்தான். கேமரா அசையவே இல்லை. இப்போதுதான் அதற்குப் புத்தி வந்திருக்கிறது. வலது கை ஒன்று சொன்னது, இடது கை அதை மறுத்தது, கால் ரெண்டையும் விலக்கிவிட்டது. வரட்டும், வரட்டும் என்று ஜெபக்கனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். அவன் கூட்டிக்கொண்டே போனான், கை மறைந்து காற்றாடியாகிவிட்டது, இனிமேல் ஏற இடமில்லை என்கிற இடத்துக்கு ஏறி, இரண்டு கம்பையும் தலைக்கு மேலே தூக்கினான், எல்லாக் காலும் அந்தரத்தில் நிற்கிற அந்த நொடி, தூக்கினவன் அப்படியே நின்றான், திரை வெளுத்தது, விளக்கு எரிந்தது. இடைவேளை.

"ஏய்!" என்று கத்தினாள் ஜெபக்கனி. பேரன் பயந்து அழுதான். முப்பிடாதி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, எந்தப் படமா இருந்தாலும் பாதியில நிறுத்தத்தான் செய்வாவ. கேண்டீன்காரன் இல்லைன்னா சண்டைக்கு வருவாம்லா. கடியாரத்தைப் பாத்து வெட்டுனாவ" என்றாள். கம்பைத் தூக்கினவன் கையை இறக்குவதற்குள்ளா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டாள். இந்த அக்காவின் புருசனா குற்றவாளி? கடிகாரத்தைப் பார்த்து வெட்டினவனாவது நல்லவன். ஆளைப் பார்த்து வெட்டுகிறவன் இதோ, கதவைத் திறந்துகொண்டு ரெண்டு கையிலும் பாப்கார்னோடு வருகிறான்.

"எப்படி? தூங்குனாளா? அடேயப்பா, என்ன சத்தம்ட்டி, வெளிய உக்காந்து கேக்கணும், நெஞ்சுக்கூடு கழண்டுரும்" என்றான் தனசிங். முகமெல்லாம் சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பார்த்ததும் எப்போதும் போல அவள் உதடு தானாக விரியப் போனது. விடவில்லை. பிடித்து வைத்தாள். முகத்தைச் சிரிக்காமல் வைத்திருப்பது இவ்வளவு பாரமா, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்த மாதிரி இருந்தது. "பிடிங்க" என்று பிள்ளையை நீட்டினாள். பாப்கார்னை எங்கே வைக்க என்று தெரியாமல் நாற்காலியில் வைத்துவிட்டு வாங்கினான். பால்பையையும் அவன் தோளில் மாட்டினாள். "பாத்ரூமா?" "உங்க சீட்டு எங்க?" "எதுக்கு?" "உக்காரத்தான்." "ஏட்டி, வெளையாடாத. அந்தப் பயலுக்கு டிரம்ஸு வார ஒவ்வொரு இடமா காட்டிக் குடுக்கணும், அதுக்குத்தான அவனைக் கூட்டிட்டு வந்ததே. ஞாயித்துக்கிழமைக்கு…" "நான் காட்டிக் குடுக்கேன்" என்றாள். தனசிங் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "உன் நல்லதுக்குத்தான் ஜெபா. தையல் போட்ட உடம்பு. வீட்டுல போய்ப் பேசுவோம்." "வீட்டுல நீங்க பாப்போம்பீங்க" என்றாள். முப்பிடாதி பாப்கார்னில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நீ போம்மா. அவரு உக்காரட்டும். இங்க ஏசி நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

படியில் இறங்கினாள். பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, இரண்டும் ஒரே சூடாக இருந்தது. கையில் பிள்ளை இல்லாதது வேறு, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் லிவின் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்தான். இருபத்தஞ்சு வயது இருக்கும், காதில் சின்னக் கடுக்கன். "வாங்கக்கா, அண்ணன் எங்க?" "பிள்ளைய வச்சிருக்காவ. உக்காரு" என்று தனசிங்கின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. கேட்க வேண்டும், என்ன கேட்க என்று தொடங்குவதற்குள் அவனே, "நான் உங்க கச்சேரி பாத்துருக்கேன்க்கா. பிள்ளைய விட்டுட்டு வர மனசில்ல, இனிமே டிரம்ஸே வேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாவ. கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு" என்றான்.

ஓ. அவள் சொன்னாளாம். இடத்தை மட்டும் எடுக்கவில்லை, வாயையும் எடுத்துக்கொண்டான். அவள் வாயில் அவன் வார்த்தையை வைத்து, ஊருக்குள் அனுப்பி, எத்தனை பேரிடம், பேஸ் கிட்டார் வாசிக்கிற அண்ணனிடம், பாடுகிற பிள்ளைகளிடம், கொடைக்காரர்களிடம், எல்லாரிடமும் ஜெபக்கனி தானே வேண்டாம் என்றாள், சிரித்த முகமாகச் சொன்னாள். அதனால்தான் ஒருவரும் ஒரு போன் போடவில்லை. கண்ணில் நீர் முட்டியது, கோபத்தில்தான், அதை வெளியே விட அவளுக்கு இஷ்டமில்லை. "நான் சொல்லல" என்றாள். லிவின் திரும்பிப் பார்த்தான். "நான் அப்படிச் சொல்லவே இல்ல தம்பி. கொடைக்கு நான் வாரேன்னுதான் சொன்னேன்." இப்போது என்ன சொல்வான்? அய்யோ பாவம் என்பான், விட்டுத்தருகிறேன் அக்கா என்று பெரிய மனசு பண்ணுவான், அதற்கும் சிரித்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும். "அண்ணன் செஞ்சது தப்புக்கா" என்றான் லிவின். "ஆனா நான் விட மாட்டேன். மூணு வருசமா சின்னச் சின்னக் குழுவுல அடிச்சிட்டு இப்பத்தான் பெரிய மேடை கெடச்சிருக்கு. கோவிச்சுக்கிடாதீங்க."

ஜெபக்கனி அவனை முழுசாக ஒரு தரம் பார்த்தாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து உடம்பைக் கேட்டார்கள், பாலைக் கேட்டார்கள், தூக்கத்தைக் கேட்டார்கள். டிரம்ஸ் அடிக்கிறவளைப் பார்த்து டிரம்ஸ் அடிக்கிற ஒருவன் பேசுகிற பேச்சை இவன்தான் பேசியிருக்கிறான். "விடாத" என்றாள். "யாரு உன்ன விடச் சொன்னா? வெள்ளிக்கிழமை ஒத்திகை இருக்குல்லா, வா. நானும் வாரேன். ஒரே பாட்டை நீயும் அடி, நானும் அடிக்கேன். குழு மொத்தமும் இருந்து கேக்கட்டும். அண்ணன் பிள்ளைய வச்சுக்கிட்டு ஓரமா உக்காந்து கேக்கட்டும்." "அடிப்பீங்களாக்கா, இந்த உடம்போட?" என்றான், கேலியில்லாமல். "அதை என் உடம்பு பாத்துக்கிடும். நீ உன் கையப் பாத்துக்கோ" என்றாள்.

விளக்கு அணைந்தது. தூக்கின கம்பு இறங்கியது. நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி சத்தம் வந்து விழுந்தது, நாற்காலி, தரை, பல், அடிவயிற்றுத் தையல், எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. இழுத்தது, வலித்தது, பொறுக்கிற வலிதான். கேமரா அதற்குள் பழைய புத்திக்குத் திரும்பிக் கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் முகத்துக்குப் போய்விட்டது. ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடியதும் அவன் கைகள் துல்லியமாகத் தெரிந்தன, எது முந்துகிறது, எது ஏமாற்றுகிறது, எங்கே எல்லாரும் வலது கை என்று நம்புகிற இடத்தில் இடது கை திருட்டுத்தனமாக நுழைகிறது, எல்லாம். லிவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினான். "அக்கா, இந்த உருட்டு எந்தக் கையில ஆரம்பிக்கான்? காட்ட மாட்டேங்கானுவளே!"

"வெள்ளிக்கிழமை சொல்லுதேன்" என்று அவளும் கத்தினாள்.